தீவுப் பெயர்களும் ஆங்கிலச் சொற்பொருளும்

ஆங்கிலம் பயிலும் மாணவருட் பலர், ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் ஒரு தமிழ்ச்சொல்லை நேர்நிறுத்தி மனனஞ் செய்வதே சொல்லறிவு எனக் கொள்வர். அவ்வாறு கற்ற சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோம்; மறவாதவிடத்தும், பொருந்தாவிடத்தில் ஆளப்பட்டு நகைப்புக்கு இடமாகும். ஒலி, பிறப்பு, வழக்கு என்னும் மூன்றையும் ஒருங்கே அறிதலே முறையாகும். இதற்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்லவேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியின் பெயர்களே போதியன.

ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர், துறைமேடை எனப் பொருள்படும் தம் மொழிச் சொல்லால் வழங்கினர். அதுவே 'கயிற்ஸ்' எனத் திரிந்து நின்றது. ஆங்கிலத்திற் கியூ, யூ, ஏ, ஒய் என்னும் நான்கெழுத்தால் எழுதப்படும் சொல் அதற்கு உறவானது. அதனை எழுத்து நோக்கிக் 'குவே' என வாசித்தல் பிழை. திறவுகோலைக் குறிக்குஞ் சொல்லைப்போலக் 'கீ' என்றே ஒலித்தல் வேண்டும். தமிழில் நீராடுமிடத்தையும் துறை என்போம். ஆங்கிலச் சொல்லோ, கலங்கள் அணைந்து பண்டம் ஏற்றி இறக்குதற்குக் கட்டப்பட்ட மேடையையே குறிக்கும்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலில் நிற்குங் கோட்டைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் 'ஹம்மன்ஹீல்'. பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள். 'ஹாம்', 'ஹீல்' என்னும் ஆங்கிலச் சொற்கள் அதற்கு இனமானவை. குதியைக் குறிக்கும் 'ஹீல்' பாதரட்சையின் குதிப்பகுதியையும் குறிக்கும். புண் ஆறுதலைக் குறிக்கும் 'ஹீல்' ஒலியால் ஒன்றேயாயினும் எழுத்தாலும் பிறப்பாலும் வேறாம்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நெடுந்தீவுக்கு 'டெல்ஃப்ற்' எனத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டினர். அந்நகரிற் செய்யப்பட்ட மெருகிட்ட மட்பாண்டத்துக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயராயிற்று. அந்நகர்ப்பெயர் தோண்டுதல் என்னும் பொருளுடைய சொல்லடியாகப் பிறந்தது. ஆங்கில 'டெல்வ்' அதன் இனச்சொல். எனினும், கிணறு தோண்டுதலைக் கூற இன்று 'டிக்' என்பதே பொதுவழக்கு. ஒரு பொருளை ஆழ்ந்து ஆராய்தற்கே 'டெல்வ்' பெரிதும் வழங்குகின்றது.

பிறப்பை மாத்திரம் நம்புவோர் இடர்ப்படுவர் என்பதற்குத் தமிழரின் கட்டுமரமே சான்று. அது 'கற்றமரான்' என ஆங்கிலத்திற் புகுந்து, இன்று பெரும்பாலும் இணையாக அமைந்த இரு உடல்களையுடைய படகைக் குறிக்கின்றது. தமிழ்ச்சொல் என்னுந் துணிவால், மரங்களைப் பிணைத்த மிதவை என்றே எங்கும் பொருள்கொள்ளும் தமிழ் மாணவன் பிழைபடுவான்.

ஆகவே, புதுச்சொல்லொன்றைக் காணும் மாணவர் அதன் ஒலியைக் கேட்டறிந்து, பிறப்பை அகராதியில் நோக்கி, பின்னர் நல்லாசிரியர் வாக்கியங்களில் அது வருமிடங்களை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பிறப்பு நினைவிற்குத் துணையாகும். பொருளை வரையறுப்பது வழக்கேயாம்.