பத்து கிலோ மல்லிக்குப் பத்து மில்லி

மல்லிகை எண்ணெய் என்று லேபிள் ஒட்டிய சின்னக் குப்பிகள் சாத்தூர் கடைத்தெருவிலும் மலிவாகக் கிடைக்கும். அது நிஜ மல்லிகையா? கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்.

2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சாத்தூர் இருக்கும் விருதுநகர் மாவட்டமும் அதன் எல்லைக்குள் வந்தது. சீசனில் பூ குவிந்து விலை விழுந்தால், மிஞ்சியது சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். அங்கே பூவை ஆவியில் வடிப்பதில்லை. சூடு பட்டால் மல்லிகை மணம் கெட்டுவிடும். ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானைப் பிரித்தெடுத்தால் மெழுகு போல ஒன்று மிஞ்சும். தொழிலில் அதற்குப் பெயர் கான்க்ரீட் (வீடு கட்ட உதவாது). ஆயிரம் கிலோ பூவுக்கு இரண்டு கிலோகூடத் தேறாது. அதையும் ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். அதுதான் அப்சல்யூட். ஆக, பத்து மில்லிக்கு ஏறத்தாழ பத்து கிலோ பூ. சீசனில் மல்லி விற்கும் விலையை வைத்தே மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மலிவுக் குப்பியில் இருப்பது பெரும்பாலும் ஆலையில் தயாரான பென்சைல் அசிட்டேட் என்ற வாசனை ரசாயனமும் அதன் கூட்டாளிகளும்தான்.

நிஜ எண்ணெயிலும் பென்சைல் அசிட்டேட் உண்டு, லினலூல் உண்டு. கூடவே இன்டோல் என்று ஒன்று. மலத்திலும் இருப்பது அதுதான். செறிவாக முகர்ந்தால் மூக்கைப் பொத்துவீர்கள். துளியூண்டு சேர்ந்தால்தான் மல்லிகைக்கு அந்தக் கிறக்கம் வருகிறது.

1962-இல் பிச்சிப்பூ இனத்து எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட் என்ற இன்னொரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் வாசனைப் பொருளாகத்தான் அது அறிமுகமானது. 1990-இல் அமெரிக்காவில் ஃபார்மர், ரயன் என்ற இரு விஞ்ஞானிகள், காற்றில் கலந்த அந்த ஆவி பட்டதுமே தக்காளிச் செடி பூச்சியின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதத்தைச் சுரப்பதைக் கண்டார்கள். நமக்கு மணம், செடிக்கு அபாயச் சங்கு.

மருத்துவக் குணம்? பால் வற்ற வேண்டிய தாய்மாருக்கு மார்பில் மல்லிகைச் சரம் வைத்துக் கட்டுவது நம் பக்கத்துப் பாட்டிமார் வைத்தியம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பால் வற்றக் கொடுத்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-இல் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டிலுமே பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் குறைந்தது. மாத்திரையில் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் பால் வற்றியதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. சிறிய ஆய்வுதான், அதுவும் பூவை வைத்துச் செய்தது. எண்ணெய் விற்பவர்கள் அதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

வாங்குவதென்றால் லேபிளைப் படியுங்கள். 'ஆவியில் வடித்த மல்லிகை எண்ணெய்' என்று போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமானதேயானாலும் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும். தேங்காயெண்ணெயில் ஒரு சொட்டுக் கலந்து முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பாருங்கள். உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். வாசனைதான் வேண்டுமென்றால், இரண்டு முழம் பூ வாங்குங்கள். அதில் கலப்படம் கிடையாது.