சென்னைக்கு முன்பே பெரிய துறைமுகம்: பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் ஆண்ட கதை தெரியுமா?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. பழவேற்காடு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஏரி, பூநாரை, இறால். ஆனால் இங்குள்ள மீனவக் கிராமம் ஒன்றின் பேரே கோட்டைக்குப்பம். எந்தக் கோட்டை அது?

கெல்ட்ரியா கோட்டை

1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சு கிழக்கிந்திய கம்பெனி இங்கே காலூன்றியது. 1613-ல் கோட்டை தயார். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு 'கெல்ட்ரியா' என்று பெயர். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் இதுதான்.

எதற்காக வந்தார்கள்?

துணிக்காக! இந்தோனேசியத் தீவுகளில் ஜாதிக்காய், கிராம்பு வாங்க வெள்ளியைவிடத் தமிழகத் துணிக்குத்தான் கிராக்கி அதிகம். 'பாலியகாட்' லுங்கி என்கிறோமே, அந்தப் பேரும் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். கோட்டையை ஒட்டி வெடிமருந்து ஆலையும் நாணயச் சாலையும்கூட இயங்கின.

சொல்லப்படாத பக்கம்

ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை 1621-ல் பிடித்த டச்சுக்காரர்கள், அங்கிருந்த மக்களில் பெரும்பாலானோரைக் கொன்றனர் அல்லது விரட்டினர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். இந்தப் பக்கமோ பஞ்சமும் போரும். பசிக்குத் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற மக்கள் அடிமைகளாகக் கப்பல் ஏற்றப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் இப்படி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும் சுற்றியுள்ள தீவுகளுக்கும் போனார்கள்.

சென்னை எப்படி முந்தியது?

1620-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்களும் பழவேற்காட்டில் வணிகம் செய்து பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துப்போகவில்லை. வேறு இடம் தேடி அலைந்தவர்கள், 1639-ல் வந்து சேர்ந்த இடம் மதராசப்பட்டினம். அது வளர, பழவேற்காடு மெல்ல ஓரங்கட்டப்பட்டது.

ஆட்சி எப்போது முடிந்தது?

1795-ல் ஊரைப் பிடித்த பிரிட்டிஷார், அடுத்த சில ஆண்டுகளில் கோட்டையை இடித்துத் தள்ளினர். 1818-ல் ஊர் மறுபடி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. கடைசியில் 1824 மார்ச் 17-ல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தம் கணக்கை முடித்தது. இந்தியாவில் இருந்த டச்சு இடங்கள் பிரிட்டனுக்கு. சுமத்ராவில் இருந்த பிரிட்டிஷ் இடங்கள் டச்சுக்கு. இங்கே வாழ்ந்த யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது என்ன மிச்சம்?

கோட்டை இருந்த இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள், உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள். அதிகாரிகள், வணிகர்களின் பெயர்களை இன்றும் அதில் படிக்கலாம். ஆனால் இதே கரையில் கப்பல் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் ஒரு கல்கூட இல்லை. அடுத்த முறை பழவேற்காடு போனால், செல்ஃபிக்கு முன்னால் அவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.