ஒரு பிள்ளை, இரண்டு இடாப்பு

மன்னார் நகரின் உப்புக்குளத்தில் 2013 ஆம் ஆண்டின் ஒரு பிற்பகலில் வயது சென்ற உம்மா ஒருவர் எம்மை வழிமறித்தார். கையில் பொலித்தீன் பையொன்று. பையினுள் பிறப்புச் சான்றிதழின் நிழற்பிரதி, கிராம அலுவலர் கொடுத்த வதிவிடக் கடிதம், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு முன்னேற்ற அறிக்கை. "பாதர், என்ட பேரனுக்கு ரெண்டு ஊர்லயும் பேர் இரிக்கு. ஒரு ஊர்லயும் புத்தகம் இல்ல" என்றார். நாம் வேறொரு அலுவலாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்த வாக்கியம் எம்மை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டது.

கதை சிக்கலானதல்ல. பையன் புத்தளத்தில் பிறந்து, அங்கேயே முதலாம் வகுப்பிற் சேர்ந்தவன். போர் முடிந்து குடும்பம் ஊர் திரும்பியபோது அவனும் வந்தான். வீடு கட்டி முடியவில்லை, தொழிலும் சரிவரவில்லை என்று தாய் திரும்பவும் புத்தளம் போனாள். அவனும் போனான். பிறகு பாட்டியுடன் வந்து நின்றுவிட்டான். விடுகைப் பத்திரம் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அங்குள்ள பாடசாலை அவன் பெயரை வெட்டவில்லை. இங்குள்ள பாடசாலை, பிள்ளையைத் தெருவில் விட மனமின்றி, "பத்திரம் பிறகு கொண்டு வாருங்கள்" என்று தற்காலிகமாகப் பெயரை எழுதிக்கொண்டது. புத்தகம் முந்திய ஆண்டுக் கணக்கின்படி வந்தது. அந்தக் கணக்கில் அவன் புத்தளத்துப் பிள்ளை. புத்தளத்திலோ அவனுடைய புத்தகக் கட்டு யாரும் வாங்காமற் கிடந்திருக்க வேண்டும்.

பாடசாலைப் புள்ளிவிபரம் என்றால் எமது வாசகர்களிற் பலருக்குக் கொட்டாவி வரும். எமக்கும் வந்ததுண்டு. ஆண்டுக்கொரு முறை, குறித்த ஒரு நாளின் நிலைவரத்தை வைத்து, நாட்டின் ஒவ்வொரு அரசினர் பாடசாலையும் கல்வி அமைச்சுக்குத் தொகைமதிப்புப் படிவம் நிரப்புகிறது. ஒவ்வொரு பாடசாலைக்கும் தொகைமதிப்பு இலக்கம் ஒன்று உண்டு. வகுப்புவாரியாக ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொழி, சமயம், அவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்தோர், விலகியோர், அதே வகுப்பில் மீண்டும் படிப்போர், ஆசிரியரின் தகைமையும் பாடமும், கட்டடம், குடிநீர், மலசலகூடம், மின்சாரம் என்று கேள்விகள் நீளும். படிவம் அதிபரிடமிருந்து கோட்டக் கல்விப் பணிமனைக்கும், அங்கிருந்து வலயத்துக்கும், மாகாணத்துக்கும், கொழும்புக்கும் போகிறது. எமது மாவட்டத்தில் வலயங்கள் இரண்டு: மன்னார், மடு. இதைவிட, கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டிய சிறு அறிக்கைகள் வேறு. பெரும்பாலும் "நாளை காலை பத்து மணிக்கு முன்" என்ற குறிப்போடு வரும்.

போன எண் அப்படியே நிற்பதில்லை, பொருளாகத் திரும்பி வருகிறது. 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி, 2000 ஆம் ஆண்டளவிலிருந்து தர உள்ளீட்டுப் பணம், இவை யாவும் தலைக்கணக்கின்மேல் நிற்பவை. ஆசிரியர் ஆளணியும் அப்படியே. பாடசாலை 1ஏபியா, 1சியா, வகை 2ஆ, வகை 3ஆ என்பதும், உயர்தர வகுப்பு நடக்குமா, ஐந்தாம் வகுப்போடு பிள்ளை வேறு ஊருக்குப் போக வேண்டுமா என்பதும் ஈற்றில் எண்களோடு தொடர்புடையவையே. சிறிய கரையோரப் பாடசாலையொன்றில் பத்துப் பிள்ளை குறைந்தால் ஓர் ஆசிரியர் "மேலதிகம்" ஆகிவிடுவார். மேலதிகமானவர் பெரும்பாலும் கணித ஆசிரியராகவோ ஆங்கில ஆசிரியராகவோதான் இருப்பார். அவருக்குத்தானே வேறிடத்திற் கேள்வி அதிகம்.

உப்புக்குளத்தின் சிக்கல் 1990 இல் தொடங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றினர். மன்னார்த் தீவிலிருந்தோர் சிறு தொகைப் பணத்தோடும் கைப்பைகளோடும் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தனர். மாகாணம் முழுவதுமாக ஏறத்தாழ 75,000 பேர். அந்த நாட்களில் அயலவராகிய நாம் போதியளவு பேசவில்லை என்பதை இவ்விடத்தில் எழுதாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. புத்தளத்தில் தென்னந்தோப்புகளிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் ஓலைக் கொட்டில்களில் வகுப்புகள் ஆரம்பித்தன. எருக்கலம்பிட்டி மக்கள் நாகவில்லில் குடியேறித் தம் ஊர்ப்பெயரையே பாடசாலைக்கும் வைத்துக்கொண்டார்கள். இலங்கையிற் பாடசாலைப் பெயருக்கு முன் மாவட்ட எழுத்து நிற்கும்: மன்னாருக்கு 'மன்', புத்தளத்துக்கு 'பு'. ஊர்ப்பெயர் மன்னாருடையது, முன்னெழுத்துப் புத்தளத்துடையது. ஒரு தலைமுறை முழுவதும் அந்தச் சாய்கோட்டின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கால் வைத்து வளர்ந்தது.

2009 க்குப் பின் திரும்பியவர்கள் ஒரே நாளில் மூட்டை கட்டி வந்தவர்களல்லர். இருபது ஆண்டுகள் வேரோடிய இடத்தை விட்டு, கூரையில்லாத வீட்டுக்கு முதலில் ஆண்கள் வந்தனர். பிறகு பாட்டிமார், பாடசாலை விடுமுறையிற் பிள்ளைகள். மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி முதலிய முசலிப் பகுதிக் கிராமங்களிலும் வரவு இப்படித் தவணை தவணையாகத்தான் இருந்தது. தொகைமதிப்புப் படிவத்துக்கோ ஒரு நாள்தான் தெரியும். அந்த நாளில் பிள்ளை எங்கே நின்றதோ அதுவே அதன் ஊர்.

அதிபரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இடாப்பில் நூற்றிருபது பெயர். காலையில் வருவது எண்பது. நாற்பதையும் வெட்டினால் இரண்டு ஆசிரியர் போவர். அடுத்த தவணை அந்த நாற்பதும் திரும்பி வந்தால் வகுப்பில் ஆளில்லை. வெட்டாமல் விட்டாற் பொய்க்கணக்கு. நாம் அறிந்த ஓர் அதிபர் சிவப்பு மைப் பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி இரவு பத்து மணிவரை இருந்தார். அவரைக் கண்டிக்க எமக்கு வாய் வரவில்லை.

வாய் வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. எண்ணுக்குப் பணம் என்ற ஏற்பாடு மிஷன் பாடசாலைகளின் காலத்துச் சரக்கு. இங்கிலாந்தில் 1862 இன் திருத்தப்பட்ட விதிக்கோவை, பிள்ளையின் வரவையும் பரீட்சைச் சித்தியையும் எண்ணியே உதவிப்பணம் கொடுத்தது. பரிசோதகர் வரும் நாளில் நோயுற்ற பிள்ளையையும் தூக்கி வந்து வாங்கில் இருத்தினார்களாம். இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின் உதவி நன்கொடை இங்கும் பெருகியது, பெறுபேற்றுக்குப் பணம் என்ற சிந்தனையும் கூடவே வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்கும்வரை அவ்விடாப்புகளை வைத்திருந்த முகாமையாளர்களிற் பலர் எம்மைப் போன்ற குருக்களே. எல்லாக் கணக்கும் சுத்தமாக இருந்தது என்று சத்தியம் பண்ண நாம் ஆயத்தமில்லை.

எண் ஒழுங்காக இருந்தால் மட்டும் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு எமது மாவட்ட வரலாறே பதில். 1981 இல் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது. 1991 இல் நடைபெறவில்லை. 2001 இல் நாட்டின் பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது, மன்னார் அவற்றுள் இல்லை. ஆக 2012 வரை முப்பத்தொரு ஆண்டுகள் இம்மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பு நடைபெறவில்லை. அக்காலம் முழுதும் எம்மிடமிருந்தவை கச்சேரியின் நிவாரணப் பட்டியல்களும், கிராம அலுவலரின் கொப்பிகளும், பாடசாலை இடாப்புகளுமே.

அத்தகைய பட்டியல்களின் பெறுமதியை 2011 ஜனவரியில் நாடே கண்டது. அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி 429,059. பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது? அவர் தாமாக எந்த எண்ணையும் உண்டாக்கவில்லை. எழுதுவினைஞர்கள் கூட்டி வைத்த எண்களையே எடுத்துக் கழித்தார். 2021 இல் அவர் இறக்கும்வரை அந்த வினாவை விடவுமில்லை. மழையில் நனைந்த படிவத்தைக் குப்பி விளக்கில் நிரப்பிய அலுவலர்களுக்குத் தம் வேலை இப்படியொரு நாள் பயன்படும் என்று தெரிந்திருக்காது.

பிள்ளையொன்றுக்கு இடாப்பு என்னவாகிறது என்பதற்கு வருவோம். பல்கலைக்கழக அனுமதியிற் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மன்னார் அப்பின்தங்கிய பட்டியலிலுள்ளது. எந்த மாவட்டப் பிள்ளை என்பதைத் தீர்மானிப்பதோ, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டு எந்தப் பாடசாலையிற் படித்தார் என்ற சான்று. அச்சான்று சேர்வு இடாப்பிலிருந்து வருகிறது. இடாப்பில் இரு மாத வெற்றிடம் இருந்தாலும் பதினெட்டு வயதுப் பிள்ளை பணிமனைப் படிகளில் ஏறி இறங்க வேண்டும்.

மண்டபம் முகாமிலிருந்து திரும்பியோரின் பாடு வேறு விதம். அங்கே தமிழ்நாட்டுப் பாடசாலை கொடுப்பது "மாற்றுச் சான்றிதழ்". இங்கே கேட்பது "விடுகைப் பத்திரம்". இரண்டும் ஒன்றுதான். ஆயினும் ஒரு தாய் "அது இல்லை ஐயா, இதுதான் இருக்கு" என்று சொல்லி, கையிலிருந்த சரியான கடதாசியை மடித்துக்கொண்டு திரும்பிப் போனதை நாம் அறிவோம். கருமபீடத்துக்கு அப்பால் இருந்தவரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

கடற்றொழிலாளர் பிள்ளைகளோ போர் இல்லாத காலத்திலும் இடம்பெயர்பவர்கள். சோளகம் பெயர்ந்தால் ஒரு கரை, வாடை விழுந்தால் மறு கரை. தகப்பன் வாடி அடிக்கும் இடத்துக்குத் தாயும் போனால் பிள்ளையும் போகிறது. 1998 முதல் ஐந்து தொடக்கம் பதினான்கு வயது வரை பாடசாலை வரவு கட்டாயம், 2016 இல் அது பதினாறாக உயர்ந்தது. பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடக் கிராம மட்டத்தில் வரவுக் குழு இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியிலேயே உள்ளது. நாம் அமர்ந்த ஒரு குழுக் கூட்டத்தில் தேநீர் வந்தது, வடை வந்தது, கூட்ட அறிக்கை எழுதப்பட்டது. வராத பிள்ளைகளின் பட்டியல் மட்டும் வரவில்லை. இடாப்பில் அவர்கள் எல்லோரும் இருந்தபடியால் அவர்கள் "வராதவர்கள்" அல்லர் என்று எமக்கு விளக்கப்பட்டது.

இன்று படிவம் கணனிக்குள் போய்விட்டது. நெமிஸ் என்று சுருக்கி அழைக்கப்படும் தேசிய கல்வி முகாமைத்துவத் தகவல் முறைமையில் பிள்ளையைத் தனித்தனியே பதிகிறார்கள். நல்லது. ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் நின்றால் கண்டுபிடிக்க வழியுண்டு. ஆயினும் பதிகிறவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர். கருவி அவருடைய சொந்தக் கைத்தொலைபேசி, நேரம் அவருடைய இரவு. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் எமிஸ் என்ற அதே வகை முறைமையைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்காக எழுப்பும் முறைப்பாடும் இதுவே: பிள்ளைக்குக் கற்பிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பற்றிப் பதிந்துகொண்டிருக்கிறோம் என்று. மேலேயுள்ளவர்கள் கேட்குமுன், இதே விபரத்தைப் போன மாதம் யார் கேட்டார்கள் என்று தம் அலுமாரியைத் திறந்து பார்த்தால், பாதிச் சுமை குறையும் என்பது எம் எண்ணம்.

நாம் செய்தது மிகச் சிறிது. அவ்வாண்டு பாடசாலையொன்றின் அனுமதியோடு, சேர்வு இடாப்பையும் வரவு இடாப்பையும் கிராம அலுவலரின் குடும்பப் பட்டியலையும் ஒரே மேசையில் விரித்து, பெயர் பெயராக ஒப்பிட்டோம். அதிபர், பள்ளிவாசல் நிர்வாகத்தினர் ஒருவர், கிராம அலுவலர், எமது நிலையத்துப் பிள்ளைகள் இருவர். மூன்று மாலைப் பொழுதுகள் சென்றன. இங்கும் அங்கும் பெயருள்ளோர் ஒரு பட்டியல், பெயர் மட்டும் உள்ளோர் மற்றொன்று. நாம் எதிர்பாராதது மூன்றாவது பட்டியல்: எந்த இடாப்பிலும் இல்லாத, ஆனால் குளக்கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த ஆறு பேர். இவர்களில் இருவருக்குப் பிறப்புப் பதிவே இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம்.

அதிபர் உண்மைக் கணக்கையே அனுப்பினார். கூடவே, போய்வரும் பிள்ளைகளின் தொகையையும் காரணத்தையும் தனிக் கடிதமாக எழுதி வலயத்துக்குக் கொடுத்தார். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. அவ்வாண்டு ஒரு ஆசிரியர் மாறிப் போனார், மற்றவர் தங்கினார். கடிதத்தாலா, பதிலாள் கிடைக்காததாலா என்று எமக்கு இன்றுவரை தெரியாது.

உம்மாவின் பேரனுக்காக நாம் எழுதிய கடிதத்தோடு அவனுடைய மாமா அநுராதபுரம் சுற்றிப் போகும் பஸ்ஸில் புத்தளம் போனார். முதல் முறை அதிபர் விடுமுறையில். இரண்டாம் முறை பத்திரம் கிடைத்தது. ஆனால் தந்தையின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. மூன்றாம் முறை சரியாக வந்தது. அப்போது மூன்றாந் தவணை தொடங்கிவிட்டது. பழைய மாணவனொருவனின் கணிதப் புத்தகத்தை, முன்னட்டை இல்லாமல், அவனுக்குக் கொடுத்தார்கள். உம்மா அதற்குக் கலண்டர்த் தாளில் உறை போட்டு, தன் பேரனின் பெயரை எழுதித் தரும்படி எம்மிடம் நீட்டினார். எந்தப் பாடசாலையின் பெயரை எழுதுவது என்று கேட்டோம். "இப்ப மன்னார்ண்டே எழுதுங்க பாதர்" என்றார்.