சிமேக் 4.0 வந்ததும் பழைய திட்டங்கள் பில்ட் ஆகாமல் நின்றது ஏன்? 'குறைந்தபட்ச வெர்ஷன்' எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள்?

2025 மார்ச் கடைசி வாரம். முந்தைய நாள் வரைக்கும் சரியாக பில்ட் ஆகிக்கொண்டிருந்த பல ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள், கோடில் ஒரு எழுத்துகூட மாறாத நிலையில், திடீரென எர்ரர் காட்டி நின்றன.

வைரஸும் இல்லை, ஹேக்கிங்கும் இல்லை. சிமேக் என்ற பில்ட் டூலின் 4.0 வெர்ஷன் வெளியாகியிருந்தது, அவ்வளவுதான். '3.5-க்கு முந்தைய சிமேக்குடனான இணக்கம் நீக்கப்பட்டுவிட்டது' என்பதே திரையில் வந்த எர்ரரின் சாரம்.

பிரச்சனையின் வேர் ஒரே ஒரு வரி. சிமேக் பயன்படுத்தும் ஒவ்வொரு திட்டத்திலும், பில்ட் கோப்பின் தொடக்கத்தில் 'இதற்குக் குறைந்தபட்சம் இந்த வெர்ஷன் சிமேக் வேண்டும்' என்று ஒரு எண் எழுதியிருப்பார்கள். பத்து, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ 2.8 என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அதுக்கப்புறம் அந்த வரியை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பில்ட் டூல் என்றால் என்ன?

புரோகிராமர் எழுதும் சோர்ஸ் கோடு அப்படியே ஓடாது. எந்தக் கோப்பை முதலில் கம்பைல் செய்வது, எந்த லைப்ரரியைச் சேர்ப்பது, விண்டோஸில் எப்படி, லினக்ஸில் எப்படி என்று வேலையை வரிசைப்படுத்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பில்ட் டூல்.

கல்யாண சமையலை வைத்துப் பார்த்தால் சுலபமாகப் புரியும். காய்கறியும் மளிகையும்தான் சோர்ஸ் கோடு. சமையல் மாஸ்டர்தான் பில்ட் டூல். அவர் கையில் கொடுக்கும் குறிப்புதான் பில்ட் கோப்பு. 'குறைந்தபட்சம் இத்தனை வருஷ அனுபவம் உள்ள மாஸ்டர்தான் இதைச் செய்ய முடியும்' என்று குறிப்பின் தலையில் எழுதுவதுதான் குறைந்தபட்ச வெர்ஷன்.

சிமேக் 2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் கிட்வேர் நிறுவனத்தில் உருவானது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் நிதியில் நடந்த மருத்துவப் படங்களுக்கான ஒரு மென்பொருள் திட்டத்தை எல்லா ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் பில்ட் செய்ய ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக எழுதியதுதான் இன்று எல்எல்விஎம் கம்பைலர், கேடிஇ டெஸ்க்டாப் வரை பரவியிருக்கிறது.

அந்த ஒரு எண் இரண்டு வேலை செய்கிறது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 3.5 என்று எழுதினால், அதற்குக் கீழே உள்ள சிமேக் 'என்னால் முடியாது' என்று நின்றுவிடும். இது முதல் வேலை, எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. புதிய சிமேக் அந்த எண்ணைப் பார்த்து, 'இது அந்தக் காலத்துக் குறிப்பு' என்று புரிந்துகொண்டு, அந்தக் கால முறைப்படியே நடந்துகொள்ளும். இதை 'பாலிசி' என்கிறார்கள். ஆழாக்குக் கணக்கில் எழுதிய குறிப்பைப் பார்த்ததும் மாஸ்டர் கிராம் தராசை ஓரம் வைத்துவிட்டு ஆழாக்கை எடுப்பது மாதிரி. சிமேக் 4.0-ல் நடந்தது என்னவென்றால், ஆழாக்கை வீட்டை விட்டே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

முன்கூட்டியே சொல்லவில்லையா?

சொன்னார்கள். 2023 ஜூலையில் வந்த 3.27 வெர்ஷனிலிருந்தே, 3.5-க்குக் கீழான எண்ணைப் பார்த்தால் சிமேக் எச்சரிக்கை காட்டியது. 3.5 வெளியானதே 2016 மார்ச்சில். கணக்குப் பார்த்தால் ஒன்பது வருஷ அவகாசம்.

ஆனால் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு திட்டம் தனக்குள் இன்னொரு லைப்ரரியை இழுக்கும், அது இன்னொன்றை இழுக்கும். நாலாவது அடுக்கில் இருக்கும் சின்ன லைப்ரரியின் எச்சரிக்கை, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஓடி மறைந்துவிடும். அந்த லைப்ரரியை எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போயிருப்பார். சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் எழுதியவரிடம் போய் 'ஏன் மாற்றவில்லை' என்று கேட்பதும் நியாயமில்லை.

பைதான் பயனர்களுக்கு அடி கொஞ்சம் பலம். சி++ கோடு கலந்த பைதான் பேக்கேஜ்களை பிப் பில்ட் செய்யும்போது, தனியாக ஒரு தற்காலிகச் சூழலை உருவாக்கும். மேல் வரம்பு எதுவும் சொல்லாவிட்டால், அன்றைக்கு இருக்கும் ஆகப் புதிய சிமேக்கைத்தான் அதற்குள் இறக்கும். தன் கம்ப்யூட்டரில் பழைய சிமேக்தானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்களும் இப்படித்தான் மாட்டினார்கள்.

அப்போ எண்ணை எப்படி முடிவு செய்வது?

திட்டத்தை நடத்துபவர் முதலில் பார்ப்பது, பயனர்கள் எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் இருக்கிறார்கள் என்பதைத்தான். லினக்ஸ் விநியோகங்கள் ஒரு வெர்ஷனை எடுத்து, வருஷக்கணக்கில் அதையே வைத்திருக்கும்.

சென்ட்ஓஎஸ் 7-ல் இருந்தது 2.8.12. அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30 வரை நீடித்தது. உபுண்டு 20.04-ல் 3.16, உபுண்டு 22.04-ல் 3.22, டெபியன் 12-ல் 3.25, உபுண்டு 24.04-ல் 3.28. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போல டெபியனை அடிப்படையாகக் கொண்டவற்றில், அந்தந்த டெபியன் வெளியீட்டின் எண்ணை ஒட்டியே கணக்குப் போட வேண்டும்.

ஆக, '3.22' என்று எழுதினால் உபுண்டு 20.04-ல் இருப்பவர் தானாக வெளியே போகிறார். '3.16' என்று எழுதினால் அவர் உள்ளே இருப்பார், ஆனால் 3.19-ல் வந்த பிரீசெட் வசதியை நம்பி எதையும் எழுத முடியாது. சி++20 மாட்யூல் வேண்டுமென்றால் 3.28-க்குக் கீழே யோசிக்கவே வேண்டாம்.

'பிப்ல ஒரு கமாண்ட் போட்டா புது சிமேக் வந்துரும், இதுக்கு ஏன் இவ்வளவு பஞ்சாயத்து?' என்பது ஒரு தரப்பின் வாதம். சொந்த லேப்டாப் வைத்திருப்பவருக்கு அது சரிதான். ஆனால் இன்டர்நெட்டே இல்லாத ஆய்வகக் கணினி, அட்மின் அனுமதி இல்லாமல் எதையும் இறக்க முடியாத அலுவலக சர்வர் என்று வரும்போது அந்த ஒரு கமாண்ட் பெரிய மலை. டெபியன் போன்றவற்றுக்கு பேக்கேஜ் தயாரிப்பவர்களும் அந்த விநியோகத்தில் இருக்கும் சிமேக்கை வைத்துத்தான் பில்ட் செய்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குறைந்தபட்சத்தைக் கீழேயே வைத்திருந்தால், புதிய சிமேக்கில் ஒரு வரியில் முடியும் வேலையைப் பழைய சிமேக்குக்காகச் சுற்றி வளைத்து எழுத வேண்டும். அந்தச் சுமை முழுக்க பராமரிப்பவர் தலையில். பழைய வெர்ஷன் ஆதரவு கேட்பவர் ஒருவர், அதற்கு ராத்திரி உட்காருபவர் இன்னொருவர். இந்தக் கணக்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

பெரிய திட்டங்கள் என்ன செய்தன?

எல்எல்விஎம் 16 வரை சிமேக் 3.13.4 போதும் என்று இருந்தது. அதிலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டு, 2023 செப்டம்பரில் வந்த 17-வது வெர்ஷனில் 3.20-க்குத் தாவியது. ஒரு வெளியீட்டில் எச்சரிக்கை, அடுத்ததில் கட்டாயம். வெளிப்படையான நல்ல முறை.

லினக்ஸ் கர்னல் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே கேள்வி ஜிசிசி கம்பைலர் பற்றியது. 2018 வரைக்கும் கர்னலின் அதிகாரபூர்வ குறைந்தபட்சம் 2002-ல் வந்த ஜிசிசி 3.2. பிறகு 4.6, 4.8, 2021-ல் 5.1 என்று படிப்படியாக ஏற்றினார்கள். 5.1 ஆனதற்குப் பலன் உடனே தெரிந்தது: 1989-ம் ஆண்டு சி மொழித் தரத்தில் சிக்கியிருந்த கர்னல், 2022-ல் வந்த 5.18 வெர்ஷனில் சி11-க்கு மாற முடிந்தது. 2025-ல் குறைந்தபட்சம் 8.1 ஆனது.

ஏற்றியதால் சண்டை வந்த கதையும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் பைதானின் கிரிப்டோகிராஃபி லைப்ரரி 3.4 வெளியானபோது, அதை பில்ட் செய்ய ரஸ்ட் கம்பைலர் தேவை என்றானது. பாதுகாப்பு லைப்ரரியை மெமரி தவறுகள் குறைவான மொழிக்கு நகர்த்துவதுதான் நோக்கம். ஆனால் ஆல்பைன் லினக்ஸில் ஓடிய எத்தனையோ கன்டெய்னர்களில் அன்று பில்ட் நின்றது. ரஸ்ட் அப்போது கால் வைக்காத ஆல்ஃபா போன்ற பழைய பிராசசர்களை வைத்திருந்தவர்களுக்குப் போகவே வழியில்லை. நோக்கம் சரியாக இருந்தாலும், முந்தைய நாள் வரை தேவையே இல்லாத ஒரு கருவி மறுநாள் கட்டாயமாகும்போது இப்படித்தான் ஆகும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

கோப்பின் தலையில் 3.5 என்று இருக்கும். உள்ளே பார்த்தால் 3.14-ல் வந்த வசதியைப் பயன்படுத்தியிருப்பார்கள். எழுதியவரின் கணினியில் புதிய சிமேக் இருப்பதால் அவருக்கு எதுவும் தெரியாது. 3.5-ஐ நம்பி வந்தவர்தான் விழிப்பார். மெசான் என்ற இன்னொரு பில்ட் டூல், 'நீங்கள் சொன்ன வெர்ஷனில் இந்த வசதியே இல்லையே' என்று தானே எச்சரிக்கும். சிமேக்கில் அது இல்லை. எழுதிய எண் உண்மையா என்று தெரிய ஒரே வழி, தானியங்கி சோதனையில் அந்தக் குறைந்தபட்ச வெர்ஷனையும் ஓட்டிப் பார்ப்பதுதான். சோதிக்காத எண் வெறும் நம்பிக்கை.

இன்னொன்று, எர்ரர் வந்ததும் 2.8-ஐ அழித்துவிட்டு 3.5 என்று மாற்றி 'முடிஞ்சுது' என்று கிளம்புவது. எண் மாறினால் பாலிசியும் மாறும். உதாரணமாக 3.0-க்கு மேலே போகும்போது, திட்டத்தின் பெயரை அறிவிக்கும் வரிக்கு முன்னால் வெர்ஷன் எண்ணைத் தனியாக எழுதி வைத்திருந்தால், அது காலியாகிவிடலாம். பில்ட் ஓடும், எர்ரர் வராது, ஆனால் வெளியே வரும் மென்பொருளுக்கு வெர்ஷன் எண்ணே இருக்காது. எர்ரரைவிட இது மோசம்.

இதற்கு இடைவழி இருக்கிறது. குறைந்தபட்சம் 3.5, நாங்கள் சோதித்தது 3.31 வரை என்று, இரண்டு எண்களுக்கு நடுவே மூன்று புள்ளி வைத்து ஒரே வரியில் எழுதலாம். 3.12 முதல் சிமேக் இதைப் புரிந்துகொள்ளும். அதற்கும் பழைய சிமேக், புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாது. பழைய கணினியும் ஓடும், புதிய சிமேக்கும் பழைய முறைக்கு இறங்காது.

வேறொருவர் எழுதிய லைப்ரரி நின்றுபோனால்?

அதற்கும் 4.0-லேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம்' என்ற மாறிக்கு 3.5 என்று மதிப்பு கொடுத்தால், உள்ளே 2.8 என்று எழுதியிருந்தாலும் 3.5 என்று எடுத்துக்கொண்டு ஓட முயலும். கமாண்டிலும் கொடுக்கலாம், சூழல் மாறியாகவும் வைக்கலாம். எல்லா லைப்ரரிக்கும் இது வேலை செய்யும் என்று உத்தரவாதம் கிடையாது. மூலத் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்பி, அவர்கள் சேர்த்துக்கொள்ளும் வரைக்கும்தான் இது.

அடுத்த படியும் தயாராகவே இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த சிமேக் 3.31 முதல், 3.10-க்குக் கீழான எண்ணைப் பார்த்தாலே எச்சரிக்கை வருகிறது. வருங்கால வெர்ஷன் ஒன்றில் அந்த இணக்கமும் நீக்கப்படும் என்று அந்த எச்சரிக்கையே சொல்கிறது. 2025-ல் அவசர அவசரமாக 3.5 என்று மாற்றிய திட்டங்கள் எல்லாம் இப்போது அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.