மீனின் விலையும் மீனவரின் உயிரும்: ஓர் ஓவியத்தை முன்வைத்து

சந்தையில் ஒரு பொருளின் விலையைப் பேசும்போது, அதை உண்டாக்கிய உழைப்பையும் அவ்வுழைப்பில் சிந்திய குருதியையும் நாம் கணக்கில் கொள்வதில்லை. இம்மறதியைச் சுட்டும் ஓவியம் ஒன்று ஸ்பெயினின் மாட்ரிட் நகரிலுள்ள பிராடோ அருங்காட்சியகத்தில் உள்ளது. வாலென்சியாவில் பிறந்த ஹோவாக்கின் சொரோயா 1894இல் வரைந்த இந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் பெயர், ‘இன்னும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!’

மீன்பிடிப் படகின் அடித்தளம். மேலாடையற்ற இளம் மீனவன் ஒருவன் காயமுற்றுச் சாய்ந்து கிடக்கிறான். மூத்த மீனவர் ஒருவர் அவனது உடலைத் தாங்குகிறார். மற்றொருவர் காயத்தின் மீது துணியை வைத்து அழுத்துகிறார். இளைஞனின் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. அருகில் நீர்ப்பாத்திரம்; பின்புறம் அன்றைக்குப் பிடிபட்ட மீன்கள். ஓவியத்தில் கடல் தென்படுவதே இல்லை. மருத்துவரும் இல்லை, படகின் உரிமையாளரும் இல்லை. தொழிலாளிக்குத் தொழிலாளியே துணை.

ஓவியத்தின் தலைப்பு, சொரோயாவின் நண்பர் பிளாஸ்கோ இபான்யெஸ் எழுதிய ‘மே மலர்’ நாவலின் இறுதிக் காட்சியோடு தொடர்புடையது. கடலில் மாண்டவர்களை எண்ணிக் குமுறும் முதிய மீன்காரி ஒருத்தி, பேரம் பேசும் நகரத்தாரை நோக்கி எழுப்பும் கண்டனம் அது.

இழப்பீட்டு வழக்குகளில் வாதாடும் நாங்கள், இவ்வோவியத்தின் முன் கேட்கும் கேள்வி வேறு: இந்தக் காயத்திற்குப் பொறுப்பாளி யார்? 1889ஆம் ஆண்டின் ஸ்பானிய உரிமையியல் சட்டத் தொகுப்பின் 1902ஆம் பிரிவு, தவறு அல்லது கவனக்குறைவால் பிறருக்குத் தீங்கு விளைவித்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதாவது, முதலாளியின் தவறைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டும். புயலும் அலையும் சூழ்ந்த நடுக்கடலில் அதற்கு எதைச் சான்றாகக் காட்டுவது? மேலும், அக்கடற்கரைகளில் மீனவர்க்குப் பெரும்பாலும் நாட்கூலி இல்லை. பிடிபட்ட மீனின் வருவாயில் பங்கு மட்டுமே. எல்லோரும் பங்காளிகள் என்று சொல்லிவிட்டால், முதலாளி என்று எவரைச் சுட்டுவது? ஆதாயத்தில் உரிமையாளருக்குப் பங்கு உண்டு. காயமோ கடலில் இறங்கியவனுக்கு மட்டுமே உரியதாகிறது.

1895இல் மாட்ரிட்டில் நடைபெற்ற தேசிய நுண்கலைக் கண்காட்சியில் இவ்வோவியம் முதல்நிலைப் பதக்கம் பெற்றது. அரசே அதை விலைகொடுத்து வாங்கியது. ஆனால், தவறை மெய்ப்பிக்காமலேயே பணியிட விபத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கிய தொழில் விபத்துச் சட்டம் 1900 ஜனவரி 30 அன்றுதான் இயற்றப்பட்டது. அதுவும் பட்டியலிட்ட தொழில்களுக்கு மட்டுமே பொருந்தியது. காயமுற்ற தொழிலாளியின் படத்திற்கு விலை நிர்ணயித்த அரசுக்கு, அவனது காயத்திற்குரிய பொறுப்பை வரையறுக்க மேலும் ஐந்தாண்டுகள் தேவைப்பட்டன.

இரக்கம் பதக்கம் தரும், உரிமை தராது. துயரத்தைக் கண்டு உருகும் சமூகம், அத்துயரத்திற்குப் பொறுப்பேற்கும் சட்டத்தைக் கேட்கும்போது மட்டும் தயங்குகிறது. இளைஞனின் காயத்தை அழுத்திப் பிடித்திருக்கும் அந்த முதிய கை, நம்மிடம் கண்ணீரைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்கிறது. அந்தக் கணக்கைத் தீர்க்காதவரை, எந்த மீனும் மலிவானதும் அன்று. விலை மிகுந்ததும் அன்று. அதன் உண்மையான விலை இன்னும் செலுத்தப்படவில்லை என்பதே பொருள்.