முந்திரிப் பழம் தொண்டையைப் பிடிக்கிறதா?

பங்குனி பிறந்துவிட்டால் ஆதனக்கோட்டைப் பக்கம் பஸ்ஸில் போவதே ஒரு சுகம். தஞ்சாவூர் - புதுக்கோட்டை சாலையோரம் பெண்கள் உட்கார்ந்து முந்திரிக்கொட்டையை வறுத்து, உடைத்து, சுடச்சுட விற்பார்கள். பருப்புக்கு அத்தனை மரியாதை! பழமோ கொல்லையில் மரத்தடியிலேயே அழுகிக் கிடக்கும். எங்கள் கொல்லையிலும் அதே கதைதான். "தின்னா தொண்டையைக் கட்டும்மா, மாட்டுக்குப் போடு" என்பார் என் மாமியார்.

அந்தப் பழத்தின் மேல் எனக்கு அக்கறை வந்தது என் மகளால். வயதுக்கு வந்ததிலிருந்து எப்போதும் சோர்வு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின் 8.6! டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிட்டு, "சாப்பிட்டதும் டீ குடிப்பாளா?" என்று கேட்டார். குடிப்பாளாவது! மாத்திரையையே டீயில்தான் விழுங்குவாள். "முதல்ல அதை நிறுத்துங்க. டீயில இருக்கிற டானின் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சேர விடாது. வைட்டமின் சி உள்ள பழமாக் கொடுங்க, அதுதான் சேர்த்து வைக்கும்" என்றார்.

முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. ஆனால் அந்தப் பாழாய்ப்போன டானின் அதிலும் இருக்கிறதே! தொண்டையைப் பிடிப்பதே அதுதான்.

துவர்ப்பு என்பதை வெறும் ருசி என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு பிடி. நம் உமிழ்நீரில் உள்ள புரதங்கள்தான் வாயை வழவழப்பாக வைத்திருக்கின்றன. டானினின் உடம்பெல்லாம் ஹைட்ராக்ஸில் என்ற சின்னச் சின்னக் கொக்கிகள். நாலைந்து புரதங்களை ஒரே சமயத்தில் மாட்டி இழுத்துக் கட்டிவிடும். அவை திரிந்து கட்டியானதும் வழவழப்பு போய், நாக்கு வறண்டு சுருங்கின மாதிரி ஆகிவிடுகிறது. ஆவாரம்பட்டையை ஊறவைத்துத் தோல் பதனிடுவார்களே, அதுவும் இதே வேலைதான். தோலின் புரதத்தை டானின் கட்டிப் போட்டுவிடுவதால் தோல் அழுகுவதில்லை. கட்டன் டீயைவிடப் பால் டீ துவர்ப்புக் குறைவாக இருப்பது ஏன் தெரியுமா? பாலின் புரதம் முந்திக்கொண்டு டானினைப் பிடித்துக் கொள்கிறது. (அதற்காக மாத்திரையோடு பால் டீ பரவாயில்லை என்று எண்ணி விடாதீர்கள். அதுவும் கூடாது.)

வழி சொன்னவர் பருப்பு வறுக்கும் அக்கா ஒருவர். "ஜவ்வரிசிக் கஞ்சியை ஊத்தி வையி தங்கச்சி, தெளிஞ்சிரும்." நான் சமர்த்தாக ஜவ்வரிசியைப் பச்சையாகவே பொடித்துப் போட்டேன். மறுநாளும் அதே கரகரப்பு!

பிறகுதான் புரிந்தது. ஜவ்வரிசி மாவின் பெரும்பகுதி அமைலோபெக்டின். முருங்கை மரம் போலக் கிளைக்கு மேல் கிளை விட்ட நீண்ட சங்கிலி. பச்சை மாவில் இந்தக் கிளைகள் இறுக மடங்கிக் கிடக்கும். வெந்து குழைந்தால்தான் விரியும். விரிந்த கிளைகளிலும் ஹைட்ராக்ஸில் கொக்கிகள் உண்டு. டானின் அவற்றில் போய்ச் சிக்கி, மண்டியாக அடியில் தங்கிவிடும்.

கேரளத்தில் மாடக்கத்தரா முந்திரி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கெல்லாம் சொல்லும் கணக்கு, ஒரு லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசி. நான் அதைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரில் பசையாகக் காய்ச்சி, ஆறியதும் சாற்றில் கலந்து, இரவு முழுதும் பிரிட்ஜில் வைக்கிறேன். காலையில் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்துக் கொள்ள வேண்டும். துவர்ப்பு அடியோடு போகாது. தொண்டையைப் பிடிக்காத அளவுக்குக் குறையும். அன்றைக்கே குடித்துவிடுங்கள், சீக்கிரம் புளித்துப் போகும். இன்னொன்று, கொட்டையைத் திருகி எடுக்காமல் பழத்தைக் கடிக்கக் குழந்தைகளை விடாதீர்கள். அதன் தோட்டு எண்ணெய் பட்டால் உதடு வெந்துவிடும்.

மூன்று மாதம் கழித்து மகளுக்கு 11.2. பெருமையெல்லாம் மாத்திரைக்குத்தான், நான் பங்கு கேட்கவில்லை. மாமியார் மட்டும் தினமும் காலையில், "இன்னிக்கு அந்தத் தெளிவு இல்லையா?" என்று டம்ளரோடு வந்து நிற்கிறார்.