கொழுப்பு கூறும் செய்தி

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்டது கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்திலுள்ள அம்மலைக்குச் செல்லும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. அங்கே சாமையும் தினையும் கேழ்வரகும் வழிவழியாக விளைவித்து வருபவர் மலையாளிப் பழங்குடியினர். தலைச்சுமையுடன் மேடேறும் உழவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய இதயம் விரைந்து துடிக்கின்றது. உண்ட உணவின் ஆற்றல் குறையுங்கால், உடலிற் சேர்ந்துள்ள கொழுப்பு உதவிக்கு வருகின்றது.

கொழுப்பு, பஞ்ச காலத்திற்கெனக் குதிரில் இட்டுவைத்த தானியம் போன்றது என்றே அறிஞர் நெடுங்காலம் எண்ணினர். 1994ஆம் ஆண்டில் அவ்வெண்ணம் மாறிற்று. நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர், லெப்டின் என்னும் ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புத் திசுவிற் சுரக்கும் இந்த ஹார்மோன், குருதி வழியே மூளைக்குச் சென்று பசியை அடக்குகின்றது. குதிர் வாய்பேசத் தொடங்கியது போன்றதன்றோ இது!

அடுத்த ஆண்டில் அடிபோனெக்டின் என்னும் மற்றொன்று அறியப்பட்டது. இஃது இன்சுலின் செவ்வனே வேலை செய்யத் துணைபுரிவது. குருதிக் குழாய்களைக் காப்பது. ஆயினும், வயிற்றிற் கொழுப்புச் சேரச்சேர இது குறைகின்றது. இது குறைந்தோரிடம் நீரிழிவுக்கு அடிகோலும் குறைபாடுகள் மிகுந்திருத்தலைச் சென்னை மக்களிடையே நிகழ்ந்த ஓர் ஆய்வு 2005ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியது.

அங்ஙனமாயின், மாரடைப்புற்றோர்க்கு இது மிகுந்திருத்தல் நன்மையன்றோ என்று நீங்கள் வினவலாம். ஆய்வுகள் பல இதற்கு மாறான விடையைத் தந்தன. மாரடைப்புக்குப்பின் அடிபோனெக்டின் மிகுந்திருந்தோருள் இறந்தோர் தொகையே மிகுதியாயிற்று.

காப்பது எங்ஙனம் கேடு செய்யும்? தீப்பற்றிய வீட்டைச் சுற்றித் தண்ணீர்க் குடங்கள் மிகுந்திருக்கும். குடங்களால் தீப்பற்றியது என்று எவரும் கூறார். நலிந்த இதயம் தன் சுமையைக் குறைத்தற்குச் சில ஹார்மோன்களை வெளியிடுகின்றது. அவை கொழுப்பணுக்களைத் தூண்டி அடிபோனெக்டினை மிகுவிக்கின்றன என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. ஆகவே, அதன் மிகுதி கேட்டிற்குக் காரணமாகாது, கேட்டின் அறிகுறியாகவே இருக்கலாம். அறிகுறியையும் காரணத்தையும் பிரித்தறிதலே அறிவியலின் முதற்பாடம்.

இன்றும் மாரடைப்பைத் துணிவதற்கு மருத்துவர் முதன்மையாக நம்புவது இதய மின்வரைபடத்தையும், இதயத்தசை சிதைவதனால் குருதியிற் கலக்கும் டிரோபோனின் அளவையுமே. நெஞ்சு வலித்து வியர்த்தால், வாயுப் பிடிப்பென்று வாளாவிருத்தல் தகாது. மலையுச்சியில் வாழ்வோர்க்கு மருத்துவமனை தொலைவு. அவர்க்கு ஒவ்வொரு நிமிடமும் பொன்னாகும். உடனே 108 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். வருமுன் காப்பதோ நம் கையிலேயே உள்ளது. நாள்தோறும் நடப்போம், அளவறிந்து உண்போம், புகையிலையை அணுகாதிருப்போம்.